பராமரிப்பைத் தாமே நெறிப்படுத்தல்: பிரித்தானிய மாற்றுத்திறனாளிகள் இயக்கமும் நேரடிப் பணவழங்கல் முறையும்

ஆய்வுச்சுருக்கம்

மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய சமூகப் பராமரிப்பை அரசு சேவையாக அளிக்க வேண்டுமா, அச்சேவையைப் பெறுவதற்கான பணமாக அளிக்க வேண்டுமா என்னும் வினா பிரித்தானியாவில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பணமாக அளிப்பதற்குத் தடைவிதித்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இசைவு தந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாற்றம் விடுதிகளில் வாழ்ந்த மாற்றுத்திறனாளிகளால் தொடங்கப்பட்டது என்பதையும், நேரடிப் பணவழங்கல் செயல்படும் முறையையும், குடும்பங்கள் அதனுள் இடம்பெற்ற வழியையும், அதன்மீது எழுந்த மறுப்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சமூகப் பராமரிப்பு, நேரடிப் பணவழங்கல், தற்சார்பு வாழ்வு, தனி உதவியாளர், தனிநபர் ஒதுக்கீடு, சமூக மாதிரி.

முன்னுரை

காலையில் எத்தனை மணிக்கு எழுவது, எப்போது குளிப்பது, இரவில் எப்போது படுப்பது என்பனவற்றைப் பெரும்பாலோர் முடிவுகளாகவே கருதுவதில்லை. பிறர் கைத்துணையின்றிப் படுக்கையை விட்டு எழ இயலாத ஒருவருக்கு இவை ஒவ்வொன்றும் இன்னொருவர் எடுக்கும் முடிவுகளாகின்றன. உதவியாளர் எட்டரை மணிக்கு வந்தால் எட்டரைக்கு எழலாம்; பத்துக்கு வந்தால் பத்துக்கு. ஒன்பது மணிக்குத் தொடங்கும் அலுவலகத்தில் அவர் பணியாற்ற இயலுமா என்பதை அவருடைய கல்வியும் திறமையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. உள்ளாட்சி மன்றத்தின் பணிநேர அட்டவணையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

உண்ணுதல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், வெளியே சென்று வருதல் ஆகிய அன்றாடச் செயல்களுக்கு வேண்டிய மனித உதவியே பிரித்தானிய வழக்கில் சமூகப் பராமரிப்பு எனப்படுகிறது. இது மருத்துவத்தினின்று வேறுபட்டது. தேசிய நலவாழ்வுச் சேவையின் மருத்துவம் பொதுவாகக் கட்டணமின்றிக் கிடைக்க, சமூகப் பராமரிப்போ உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில், வருவாயும் சொத்தும் கணக்கிடப்பட்ட பின்னரே கிடைக்கிறது. இப்பராமரிப்பின் ஆளுகை யாரிடம் இருக்க வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

சொல்லும் கருத்தும்

பிரித்தானிய இயக்கத்தின் கருத்தியலைத் தமிழில் எடுத்துரைப்பதில் ஒரு சொல்லிடர் உண்டு. உடற்குறைபாட்டிற்கு எதிரான முடமாக்கப்பட்டோர் ஒன்றியம் என்று பெயர்க்கத்தக்க அமைப்பு 1976இல் வெளியிட்ட 'ஊனத்தின் அடிப்படைக் கொள்கைகள்' என்னும் ஆவணம் உடலின் குறைபாட்டையும், அக்குறைபாடுடையோர்மீது சமூகம் சுமத்தும் முடக்கத்தையும் இரு வேறு பொருள்களாகப் பிரித்தது. நடக்க இயலாமை குறைபாடு. படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடம் முடக்கம். பின்னாளில் சமூக மாதிரி எனப் பெயர்பெற்ற கொள்கைக்கு இப்பிரிவினையே அடித்தளம். ஆகவே அவ்வியக்கத்தார் தம்மைக் குறிக்கக் கையாளும் சொல், 'சமூகத்தால் முடக்கப்பட்டவர்' என்னும் செயப்பாட்டுவினைப் பொருள் உடையது. தமிழில் நிலைபெற்றுவிட்ட 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் இழிவை நீக்குகிறது. எனினும் முடக்குவது யார் என்னும் வினாவையும் உடன் நீக்கிவிடுகிறது. வழக்கு கருதி அச்சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

தற்சார்பு வாழ்வு என்னும் தொடருக்கும் விளக்கம் தேவை. எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்துகொள்ளுதல் என்பது மறுவாழ்வு மருத்துவம் தந்த பொருள். இயக்கம் அதனை ஏற்கவில்லை. இரண்டு மணிநேரம் போராடித் தானே சட்டை அணிந்துகொள்பவரைவிட, ஐந்து நிமிடத்தில் உதவியாளரைக் கொண்டு அணிந்துகொண்டு பணிக்குச் செல்பவரே தற்சார்புடையவர் என்பது அதன் நிலைப்பாடு. செயலைச் செய்யும் கை யாருடையது என்பது பொருட்டன்று. என்ன, எப்போது, எவ்வாறு என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதே பொருட்டு.

பணம் தடைசெய்யப்பட்ட காலம்

1948ஆம் ஆண்டு தேசிய உதவிச் சட்டம், நடப்பிலிருந்த ஏழையர் சட்டம் இனிச் செல்லாது என்னும் அறிவிப்போடு தொடங்குகிறது. உழைப்பில்லங்களின் நினைவு மக்களிடம் இன்னும் ஆறாதிருந்த காலம் அது. புதிய அமைப்பில் வறியோர்க்குப் பணம் அளிக்கும் பணி நடுவண் வாரியத்திடமும், சேவைகளையும் விடுதிகளையும் அளிக்கும் பணி உள்ளாட்சி மன்றங்களிடமும் பிரித்துத் தரப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் நலப்பணிகளைப் பற்றிய 29ஆம் பிரிவு, அவர்களுக்குப் பணமாக வழங்க அப்பிரிவு இடந்தராது என வெளிப்படையாகக் கூறியது.

இத்தடை தீய நோக்கில் விதிக்கப்பட்டதன்று. நடுவண் அரசின் வேலையும் உள்ளாட்சியின் வேலையும் ஒன்றன்மீது ஒன்று படியாதிருக்கப் போடப்பட்ட கோடு அது. ஆயினும் அதன் விளைவு கடுமையானது. ஒருவரை விடுதியில் வைத்துக்கொள்ள ஆண்டுதோறும் பெருந்தொகை செலவிடலாம். அத்தொகையின் ஒரு பகுதியைக்கூட அவர் கையில் தந்து வீட்டில் வாழச் செய்ய இயலாது. 1970ஆம் ஆண்டு நாட்பட்ட நோயாளர் மற்றும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வீட்டு உதவியையும் வீட்டமைப்பு மாற்றங்களையும் உள்ளாட்சியின் கடமையாக்கியது. அப்போதும் சேவையின் அளவு, நேரம், ஆள் ஆகியவை மன்றத்தின் தெரிவாகவே தொடர்ந்தன.

லீ கோர்ட் விடுதிவாசிகள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் உள்ள லீ கோர்ட், இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சு விமானியான லெனார்டு செஷயர் 1948இல் தொடங்கிய முதல் இல்லம். குறைபாடுடைய இளவயதினர் முதியோர் மருத்துவமனைக் கூடங்களில் கிடத்தப்பட்ட அந்நாளில் அவ்வில்லம் ஒரு முன்னேற்றமே. ஆனால் 1950களின் இறுதியிலிருந்து அங்கு வாழ்ந்தவர்கள் நிருவாகத்தோடு ஓயாது முரண்பட்டனர். படுக்கைக்குச் செல்லும் நேரத்தைத் தாமே தெரிவு செய்தல், விரும்பினால் மது அருந்துதல், அறிவிப்பின்றி வெளியே சென்று வருதல், ஆணும் பெண்ணும் பழகுதல் ஆகியவை அவர்கள் கோரிய உரிமைகள். இப்பட்டியலின் எளிமையே அந்நாளைய விடுதி வாழ்க்கைக்குச் சான்றாகிறது.

தசைநார்ச் சிதைவு நோயுடைய பால் ஹண்ட் 1956இல் லீ கோர்ட்டுக்கு வந்தார். அவர் தொகுத்து 1966இல் வெளியான 'இழிகுறி' என்னும் பொருள்படும் நூல், மாற்றுத்திறனாளிகள் தம் அனுபவத்தைத் தாமே எழுதிய கட்டுரைகளைக் கொண்டது. விடுதியை விட்டு வெளியேறிய பின், 1972 செப்டம்பரில் 'கார்டியன்' நாளிதழுக்கு அவர் எழுதிய கடிதம் மேற்கூறிய ஒன்றியம் உருவாகக் காரணமாயிற்று.

ஆய்வாளர்கள் கவனத்தில் கொள்ளத்தக்க நிகழ்வு ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. விடுதிவாசிகளின் முயற்சியால் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த மில்லர், குவின் என்னும் இருவர் இத்தகைய இல்லங்களை ஆராய்ந்து 1972இல் நூல் வெளியிட்டனர். விடுதிக்குள் நுழைவோர் சமூக மரணம் அடைந்தவர்கள் என்றும், அச்சமூக மரணத்திற்கும் உடல் மரணத்திற்கும் இடைப்பட்ட காலத்தைக் கடத்த உதவுவதே விடுதியின் பணி என்றும் அவர்கள் கண்டனர். துயர நிலையை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் அதனை மாற்றத்தக்கதாகவும் காணவில்லை. தம் பக்கம் நிற்பர் என நம்பி அழைத்தவர்களுக்கு இது பேரிடியாயிற்று. 1979இல் மறைந்த ஹண்ட் இதுபற்றி எழுதி 1981இல் வெளியான கட்டுரை, இத்தகைய ஆய்வாளரை ஒட்டுண்ணிகள் எனத் தலைப்பிலேயே சுட்டுகிறது. ஒடுக்குமுறையில் நடுநிலை வகிப்பதாகக் கூறும் ஆய்வு உண்மையில் ஒடுக்குவோர் பக்கமே சாய்கிறது என்பது அவர் வாதம். ஊனவியல் ஆய்வில் ஆய்வுக்குரியோரே ஆய்வை நெறிப்படுத்த வேண்டும் என்னும் பிற்காலக் கோரிக்கையின் வேர் இவ்விடத்தில் உள்ளது.

ஹாம்ப்ஷயர் வழி

1979இல் லீ கோர்ட்டில் எஞ்சியிருந்தோருள் சிலர், ஜான் எவான்ஸ் உள்ளிட்டோர், 'திட்டம் 81' என்னும் குழுவை அமைத்தனர். 1981 ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் ஆண்டு என்பதால் அப்பெயர். விடுதியை விட்டு வெளியேறித் தத்தம் வீடுகளில் வாழ்தல் அவர்கள் நோக்கம். அமெரிக்காவின் பெர்க்லியில் 1972இல் தொடங்கப்பட்ட தற்சார்பு வாழ்வு மையம் அவர்களுக்கு முன்மாதிரி. போலியோவால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்து இரும்பு நுரையீரல் கருவியில் உறங்கிய எட் ராபர்ட்ஸ் 1962இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மாணவர் மருத்துவமனையில் தங்கிப் பயின்றதும், அவரைத் தொடர்ந்து வந்த மாணவர்கள் உதவியாளர்களைத் தாமே அமர்த்தி வாழ்ந்ததும் அம்மையத்தின் முன்வரலாறு.

ஹாம்ப்ஷயர் குழு முன்வைத்த வாதம் அறம் சார்ந்தது என்பதினும் கணக்குச் சார்ந்தது எனல் பொருந்தும். ஒவ்வொருவரின் விடுதிச் செலவையும் ஓர் உள்ளாட்சி மன்றம் ஏற்றிருந்தது. அத்தொகை உள்ளபோது அதனைக் கட்டடத்தோடு கட்டி வைப்பது ஏன் என்று அவர்கள் வினவினர். சட்டம் பணமாகத் தரத் தடைசெய்ததால் ஒரு சுற்றுவழி கண்டறியப்பட்டது: மன்றம் விடுதி நிறுவனத்திற்குப் பணம் செலுத்தும், நிறுவனம் அதனை உரியவரிடம் சேர்க்கும், அவர் அதைக் கொண்டு உதவியாளரை அமர்த்துவார். இம்மறைமுக வழங்கலால் 1983இல் எவான்ஸ் தம் சொந்த வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டே ஹாம்ப்ஷயர் தற்சார்பு வாழ்வு மையம் தோன்றியது. மாற்றுத்திறனாளிகளே நடத்திய அம்மையம், உதவியாளருக்கு விளம்பரம் எழுதுதல், நேர்காணல் நடத்துதல், ஊதியக் கணக்கு வைத்தல் ஆகியவற்றைப் பிறருக்குக் கற்பித்தது.

இதே காலத்தில் எதிர்பாராத திசையிலிருந்து இன்னொரு சான்று கிடைத்தது. 1988இல் சமூகப் பாதுகாப்புச் சீர்திருத்தத்தால் வீட்டு உதவிக்கான கூடுதல் தொகை நீக்கப்பட்டபோது, இழப்புக்குள்ளாவோருக்காகத் தற்சார்பு வாழ்வு நிதியம் தற்காலிக ஏற்பாடாக நிறுவப்பட்டது. சில நூறு பேரே விண்ணப்பிப்பர் என எதிர்பார்த்த அரசு, 1993க்குள் ஏறத்தாழ 22,000 பேர் பயன்பெறுவதைக் கண்டது. உள்ளாட்சி தரக்கூடாத பணத்தை நடுவண் அரசின் நிதியம் தந்துகொண்டிருந்தது. பணம் பெற்றோர் அதனைச் செம்மையாகவே கையாண்டனர்.

1996ஆம் ஆண்டுச் சட்டம்

பிரித்தானிய மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளின் பேரவை 1994இல் வெளியிட்ட சார்ப், நடாஷ் ஆகியோரின் ஆய்வு, நேரடிப் பணத்தால் அமையும் உதவி அதற்கு நிகரான சேவையைவிடச் சராசரியாக 30 முதல் 40 விழுக்காடு செலவு குறைந்தது என்றும், பயனாளிகளுக்குக் கூடுதல் மனநிறைவு தருவது என்றும் காட்டியது. சந்தைப் போட்டியிலும் சிக்கனத்திலும் நாட்டம் கொண்ட பழமைவாதக் கட்சி அரசு இவ்வாதத்திற்குச் செவிசாய்த்தது. சமூகப் பராமரிப்பு நேரடிப் பணவழங்கல் சட்டம் 1996இல் நிறைவேறி, 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

தொடக்கத்தில் அது 18 முதல் 64 வயதினர்க்கு மட்டும் உரியது. மன்றங்களுக்கு அதிகாரம் தந்ததே அன்றிக் கடமை ஆக்கவில்லை. 2000இல் முதியோருக்கும், தொடர்ந்து குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோருக்கும் அது விரிந்தது. 2003 முதல் இங்கிலாந்தில், தகுதியுடையோர் கேட்டால் வழங்கியே ஆக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. சிக்கனத்தைக் காட்டிப் பெற்ற உரிமை என்பதை இங்கே மனங்கொள்ள வேண்டும். மலிவு என்னும் வாதம் கதவைத் திறந்தது. அதே வாதம் பின்னர்த் தொகையைக் குறைக்கவும் கருவியாயிற்று.

செயல்படும் முறை

இங்கிலாந்தில் இப்போது நடைமுறையில் உள்ள 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்படி, முதலில் மன்றத்தின் சமூகப் பணியாளர் தேவையை மதிப்பிடுகிறார். தகுதி உறுதியானால் அத்தேவையை நிறைவு செய்ய ஆகும் தொகை தனிநபர் ஒதுக்கீடாகக் குறிக்கப்படும். அதனை மன்றமே நிருவகிக்கலாம்; உரியவரே நேரடியாகப் பெறலாம்; இரண்டும் கலந்தும் அமையலாம். நேரடியாகப் பெறுபவர் தனி வங்கிக் கணக்கிலோ முன்பணம் ஏற்றிய அட்டையிலோ அதனை வைத்து, வரவு செலவு காட்ட வேண்டும். ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினரை ஊதியத்திற்கு அமர்த்துவதற்கு, இன்றியமையாதது என்று மன்றம் ஏற்றாலன்றி, இடமில்லை.

உதவியாளரை அமர்த்தும் கணத்தில் மாற்றுத்திறனாளி சட்டப்படி முதலாளி ஆகிறார். குறைந்தபட்ச ஊதியம், ஆண்டுக்கு 5.6 வார ஊதிய விடுப்பு, நோய்க்கால ஊதியம், ஓய்வூதியப் பங்களிப்பு, முதலாளிப் பொறுப்புக் காப்பீடு எல்லாம் அவர் தலைமேல் வருகின்றன. உதவியாளர் திடீரென விலகினால் மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுப்ப ஆள் தேடுவதும் அவர் பொறுப்பே. ஆகவே மாற்றுத்திறனாளிகள் நடத்தும் துணை அமைப்புகள் வலுவாக உள்ள ஊர்களில் இம்முறை செழிப்பதும், அவை இல்லாத ஊர்களில் தாளில் நின்றுவிடுவதும் வியப்பன்று. சுவீடனில் அடால்ஃப் ராட்ஸ்கா முதலானோர் 1984இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இச்சுமையை உறுப்பினர்களுக்காகக் கூட்டாகச் சுமந்தது. அங்கு 1994இல் தனி உதவி நாடு தழுவிய சட்ட உரிமையாகவும் ஆயிற்று. பிரித்தானியாவோ ஊருக்கு ஊர் வேறுபடும் முறையில் தனிமனிதரை முதலாளியாக்கியது.

தமிழ்நாட்டு வாசகர் இதனை இங்குள்ள மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையோடு ஒன்றாகக் கருத வாய்ப்புண்டு. உதவித்தொகை குறைபாட்டின் வகையையும் அளவையும் நோக்கி ஒரே சீராக வழங்கப்படுவது. நேரடிப் பணமோ ஒருவருக்கு வாரத்தில் எத்தனை மணிநேர மனித உதவி தேவை என்று கணித்து அவ்வுதவிக்கு ஊதியமாக வழங்கப்படுவது. முன்னது வருவாய்த் துணை. பின்னது சேவையின் மாற்றுவடிவம். தனி உதவி உள்ளிட்ட சமூகச் சேவைகளை ஒருவர் பெறுதல் பற்றிப் பேசும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு, 2007இல் அதனை ஏற்புறுதி செய்த இந்தியாவுக்கும் உரியது என்பதால் இவ்வேறுபாடு இங்கும் பொருளுடையது.

குடும்பங்களின் இடம்

1996ஆம் ஆண்டுச் சட்டம் பணத்தைப் பெற விருப்பமும் கையாளும் ஆற்றலும் உடையவருக்கே உரியதாயிருந்தது. லீ கோர்ட் தலைமுறையினர் உடற்குறைபாடு உடையோர். கட்டளையிடுவதும் கணக்கு வைப்பதும் அவர்களுக்கு இயலும். அறிவுசார் குறைபாடுடையோர் நிலை அதுவன்று. அவர்கள் சார்பில் குடும்பத்தாரும் நண்பரும் அறக்கட்டளை அமைத்து, அதன் வழியே பணம் பெறும் உத்தி சில இடங்களில் தோன்றியது. 2008ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால், முடிவெடுக்கும் ஆற்றல் இல்லாதவருக்காகத் 'தகுந்த நபர்' ஒருவர் பணத்தைப் பெற்று நடத்தலாம் என்பது 2009 இறுதியில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையில் 2003இல் தொடங்கிய 'இன் கன்ட்ரோல்' என்னும் திட்டம், சைமன் டஃபியின் சிந்தனையை ஒட்டி, வரிசையையே மாற்றியது. முன்பு சேவைகளை முதலில் தீர்மானித்துச் செலவைப் பின்னர் கணக்கிட்டனர். இத்திட்டத்தில் ஒருவருக்கு உரிய தொகை எவ்வளவு என்பது முதலிலேயே சொல்லப்பட்டது. அதனை எவ்வாறு செலவிடுவது என்பதைக் குடும்பமும் உரியவரும் அமர்ந்து திட்டமிட்டனர். பகல்நேர மையத்தில் வாரத்தில் ஐந்து நாள் உட்காரவைக்கப்பட்ட இளைஞருக்கு அதே தொகையில் நீச்சலுக்கும் பகுதிநேர வேலைக்கும் உடன்செல்ல உதவியாளரை அமர்த்தலாம் என்பது பெற்றோருக்குப் புதிய காட்சி.

ஆயினும் இங்கு ஒரு முரண் ஒளிந்துள்ளது. ஆளுகை விடுதியிடமிருந்து குடும்பத்திற்கு மாறுவது, உரியவருக்கே மாறுவதாகாது. வெளியே விடத் தயங்கும் தாயும் வெளியே செல்ல விரும்பும் மகனும் ஒரே தொகையின் இரு முனைகளில் நிற்கக்கூடும். அத்தாயின் அச்சம் பொருளற்றதும் அன்று. தமக்குப் பின் இத்தொகையை யார் நடத்துவார் என்னும் வினாவோடு அவர் வாழ்கிறார். ஆதரவு வட்டம் என்னும் பெயரில் நண்பர், அயலார் சிலரைக் குடும்பத்தோடு இணைப்பது இதற்குக் கண்ட வழி. அது நல்ல அயலார் வாய்த்தவருக்கே வாய்க்கிறது.

மறுப்புகள்

முதல் மறுப்பு உழைப்பு நோக்கில் எழுந்தது. கிளேர் அங்கர்சன் 1997இல் எழுதிய கட்டுரை, ஒருவரின் குடியுரிமை இன்னொருவரின் மலிவான உழைப்பால் கட்டப்படுகிறதா என்னும் ஐயத்தை முன்வைத்தது. தனி உதவியாளருள் பெரும்பாலோர் பெண்கள், ஊதியம் குறைவு, தனித்தனி வீடுகளில் பணிபுரிவதால் ஒருங்கிணைவதும் அரிது. மாற்றுத்திறனாளியும் பெண்ணியருமான ஜென்னி மாரிஸ் இதற்கு முன்பே 1991இல் வெளியிட்ட தம் நூலில், பராமரிப்பைப் பற்றிய பெண்ணிய ஆய்வுகள் பராமரிக்கும் பெண்ணை மட்டும் கண்டு, பராமரிக்கப்படும் பெண்ணைச் சுமையாகவே வைத்துவிட்டன எனக் கடிந்தார். இவ்விரு வாதங்களும் ஒன்றையொன்று வீழ்த்தவில்லை. முதலாளியாகிய மாற்றுத்திறனாளி தாராளமாக ஊதியம் தர விரும்பினாலும், ஒரு மணிநேரத்திற்கான வீதத்தை நிர்ணயிப்பது மன்றமே என்பதை இருதரப்பும் போதிய அளவு அழுத்திக் கூறவில்லை.

இரண்டாவது, இம்முறை எல்லார்க்கும் ஒருசேர நன்மை தருகிறதா என்பது. 13 உள்ளாட்சிகளில் நடந்த தனிநபர் ஒதுக்கீட்டுச் சோதனையின் 2008ஆம் ஆண்டு மதிப்பீடு, இளவயது உடற்குறைபாடு உடையோரும் மனநலச் சேவை பெறுவோரும் பயனடைந்ததையும், முதியோரிடம் உளநலம் குன்றிக் காணப்பட்டதையும் பதிவு செய்தது. நோயும் தளர்ச்சியும் மிகுந்த பொழுதில் திட்டமிடலும் நிருவாகமும் அவர்களுக்குக் கூடுதல் சுமையாயின.

மூன்றாவது மறுப்பு காலத்தால் மெய்ப்பிக்கப்பட்டது. 2010க்குப் பின் உள்ளாட்சிகளின் நிதி சுருக்கப்பட்டபோது தனிநபர் ஒதுக்கீடுகளும் சுருங்கின. தெரிவு செய்யும் உரிமை எஞ்சியது. தெரிவு செய்வதற்கான தொகை குறைந்தது. தற்சார்பு வாழ்வு நிதியம் 2010இல் புதிய விண்ணப்பங்களை நிறுத்தியது. அதனை மூடும் முடிவு சமத்துவக் கடமையை உரியவாறு கருதாமல் எடுக்கப்பட்டது என 2013 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. அரசு மீண்டும் அதே முடிவை முறைப்படி எடுத்து, 2015 சூன் 30 அன்று நிதியத்தை மூடியது. இங்கிலாந்தில் பணம் உள்ளாட்சிகளுக்கு மாற்றப்பட்டது; பயனாளர் ஒவ்வொருவரும் உள்ளாட்சியின் மறுமதிப்பீட்டுக்கு உள்ளாயினர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பிரித்தானியாவில் கடுமையாகவோ தொடர்ச்சியாகவோ மீறப்பட்டுள்ளன என 2016இல் ஐக்கிய நாடுகள் குழு வெளியிட்ட விசாரணை அறிக்கை கருத்தில் கொண்ட நடவடிக்கைகளுள் இம்மூடலும் ஒன்று.

ஸ்காட்லாந்து வேறு வழி சென்றது. தன்னெறிப்பட்ட உதவி பற்றிய அதன் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணமாகப் பெறுதல், தாம் தெரிவுசெய்யும் சேவைக்கு மன்றத்தைச் செலவிடச் செய்தல், தெரிவை மன்றத்திடமே விடுதல், இவற்றைக் கலந்து பெறுதல் என நான்கு வழிகளை ஒவ்வொருவர் முன்னும் வைக்க வேண்டும் எனப் பணித்தது. முதலாளியாகும் சுமையை ஏற்காமலே ஆளுகையைப் பெறுதற்கு இரண்டாம் வழி இடமளிக்கிறது. பழைய நிதியத்தின் பயனாளர்களுக்காக 2015 சூலை முதல் நாள் அங்குத் தனி நிதியம் தொடங்கப்பட்டது. அந்நிதியம் 2024இல் புதிய விண்ணப்பங்களையும் ஏற்கத் தொடங்கியது.